சந்தேகம் வந்தாலே சுண்டவும்

நூல் நின்ற மாதிரி இருந்தது. நின்றதா, இல்லை பக்கத்தில் போன நுரை வேகம் எடுத்ததால் நின்ற மாதிரி தெரிந்ததா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அது மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. ஆரஞ்சு நிறக் கம்பளி நூல், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், தங்கூசியில், தூண்டிலின் கண்ணாடி நரம்பில், நானே முடிந்தது. அதற்குக் கீழே ஒரு முழம் தங்கூசி தண்ணீருக்குள் இறங்குகிறது. நுனியில் முயல் முடி சுற்றிய சின்னக் கொக்கி. தண்ணீருக்கடியில் கல்லோடு கல்லாக உருண்டு போகும் பூச்சி மாதிரி அது மீனுக்குத் தெரிய வேண்டும். மீன் அதை வாய்க்குள் வாங்கினால் மேலே நூல் நிற்கும், அல்லது பக்கவாட்டில் நகரும், அல்லது முங்கும், அல்லது இது எதுவும் இல்லாமல் நுரையைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். வாயில் போனது இரை இல்லை, வெறும் முடி என்று தெரிந்து ட்ரவுட் மீன் துப்புவதற்கு ஒரு நொடிகூட ஆகாதாம். அதற்குள் தூண்டில் கோலின் நுனியை மேலே சுண்ட வேண்டும், மணிக்கட்டால் மட்டும், தாழ்ப்பாளைத் தூக்குவது போல. கோயம்புத்தூர் ஆபீஸிலிருந்து ஜெயசீலன் சார் அனுப்பிய இரண்டு பக்கக் குறிப்பில் நான்காவது வரி இது: சந்தேகம் வந்தாலே சுண்டவும், உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த வரி எனக்கு மனப்பாடம். பரீட்சையில் கேட்டால் முழு மதிப்பெண் வாங்கிவிடுவேன். ஆனால் சந்தேகம் வரும்போது என் கை சும்மா இருக்கிறது. கை எதற்கோ காத்திருக்கிறது. நூல் என் பக்கம் திரும்பி, ஆமாம் இசக்கியம்மாள், நான்தான் மீன், என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது அதற்கு.

"போச்சா?" என்று பாறை மேலிருந்து போஜன் கேட்டார். "என்ன அண்ணா?" "இப்ப நூல் நின்னுச்சே." "நின்னுச்சா?" "நான் உங்களைக் கேட்டா நீங்க என்னைக் கேக்கறீங்க" என்று சிரித்தார். போஜன் இந்த ஓடைக்குக் காவலர், முப்பத்தைந்து வயது இருக்கும், பக்கத்துப் படுகர் ஊர்க்காரர். அவர் கோல் பிடிப்பதில்லை. நான் தண்ணீரில் நிற்பதற்குச் சாட்சியாக உட்கார்ந்திருப்பதும், நேரம் முடிந்ததும் படிவத்தில் எனக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதும்தான் இங்கே அவர் வேலை. ஐந்து நாளாக உட்கார்ந்திருக்கிறார். கையில் ஒரு வர்க்கி பிஸ்கட், மடியில் ஃபிளாஸ்க். ரப்பர் பூட்சுக்குள் உப்புப் போட்டு வைத்திருக்கிறார், அட்டை ஏறாமல் இருக்க. முதல் நாள் எனக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தார். உப்பைக் கையில் வாங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூத்துக்குடி உப்பளத்துக்காரி மகளுக்கு ஊட்டி மலையில் உப்பு கொடுக்கிறார்களே என்று. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மணி பதினொன்று பத்து. இன்று கடைசி நாள், பன்னிரண்டுக்கு முடிகிறது. பன்னிரண்டுக்குள் ஒரு மீன் என் கையில் இருக்க வேண்டும், ஒன்று போதும், விரல் நீளம் இருந்தாலும் போதும். இந்த ஓடையில் ட்ரவுட் இருக்கிறதா இல்லையா என்பதுதான் ஆய்வு. வலை போடக் கூடாது, புழு கூடாது, காட்டுக்குள் இருக்கிற ஓடை, மற்ற உயிர்களுக்குச் சேதம் வந்துவிடும் என்று இறகோ முடியோ சுற்றிய கொக்கிக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். இருக்கிறது என்று படிவம் போனால் திட்டம் இரண்டு வருடம் நீளும், திட்ட உதவியாளர் இசக்கியம்மாளும் நீளுவாள். இல்லை என்று போனால் மாதக் கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி, மீன்வளம் படித்தவள், மலையில் ஆபீசர் என்று அம்மா உப்புப் பாத்திக்காட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். ஆபீசர் இல்லைம்மா, தற்காலிகம் என்று நான் எத்தனை தடவை சொன்னாலும், "தற்காலிகமான ஆபீசர்தான, அதச் சொன்னா என்ன" என்பாள். போன வாரம் போனில், "ஏட்டி, இங்க கடல் பூரா மீனு கெடக்கு, அத விட்டுட்டு மலைமேல ஏறி ஒத்த மீனத் தேடுதியே, இதுக்கா ஒன்ன படிக்க வெச்சேன்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பின்னால் உப்பு வாரும் வரண்டி இழுக்கும் சத்தமும் இரண்டு பெண்கள் சேர்ந்து சிரிக்கிற சத்தமும் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் திரும்பிப் போனால் அந்தச் சிரிப்பு இருக்காது. யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். காலில் சாக்கைக் கட்டிக்கொண்டு நானும் வரப்பில் இறங்குகிற அன்றைக்கு எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள், அது போதும்.

கோலைப் பின்னால் வீசி முன்னால் விடுகிறேன். இது எனக்கு வரும். மீன் பண்ணையின் புல்வெளியில் கொக்கி இல்லாமல் ஒரு மாதம் வீசிப் பழகினேன், பழகினால் வருகிற எதுவும் எனக்கு வந்துவிடும். நூல் மேல்பக்கம் பாறை இடுக்கில் விழுந்து என்னை நோக்கி வருகிறது. தொய்வு வராமல் இடது கையால் கோலின் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், தொய்வு இருந்தால் அங்கே கடிப்பது இங்கே தெரியாது. தண்ணீர் முழங்காலுக்கு மேல், குளிர் எலும்புக்குள் போய் இப்போது குளிராகவே இல்லை, கால் வேறு யாருடையதோ போல இருக்கிறது. சீகை மரத்து இலை ஒன்று நூலோடு சேர்ந்து வருகிறது. இலை முந்துகிறது. இலை ஏன் முந்துகிறது? நூல் மெதுவாகப் போகிறதா? கல்லில் தட்டியிருக்கும். இங்கே ஆழம் குறைவு, கல்லாகத்தான் இருக்கும். நூல் நகர்ந்துவிட்டது. கல்லா இல்லையா என்று இனி தெரியப் போவதில்லை. இப்படி இந்த ஐந்து நாளில் எத்தனை முறை. நான் எண்ணவில்லை, எண்ணினால் எதை எண்ணுவது, கடியையா சந்தேகத்தையா. போட்டித் தேர்வுக்குப் படித்த இரண்டு வருடத்தில் பயிற்சி மையத்து ஐயா தினமும் ஒன்று சொல்வார்: தப்புக்கு மதிப்பெண் போகும், தெரியாததை விட்டுடு, தொடாதே. நான் தொட்டதே இல்லை. என் விடைத்தாளில் தப்பு ஒன்றோ இரண்டோதான் இருக்கும், மீதி எல்லாம் வெற்று வட்டங்கள். பக்கத்து வரிசை ஷெர்லின் பாதியைக் குத்துமதிப்பாகக் கறுப்பாக்கிவிட்டு வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். அவள் இப்போது நாகர்கோவிலில் வேலையில் இருக்கிறாள். அவளுக்கு என்னைவிட அதிகம் தெரியாது. தெரியாது என்பது அவளைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

"மேடம், நீங்க சுண்டறதே இல்லையே. கோலை என்னமோ கொடிக் கம்பம் மாதிரி புடிச்சிட்டு நிக்கறீங்க. நான் வணக்கம் வெச்சிருவேன் போல." "கடிக்கல அண்ணா." "கடிக்கலைன்னு மீன் சொல்லுச்சா?" நான் மறுபடி வீசினேன். "இருக்கு மேடம். போன மழைக்கு இதே மடுவுல பாத்தேன். இவ்ளோ நீளம்." வர்க்கியால் அளவு காட்டினார். "ஃபோட்டோ எடுத்தீங்களா?" "மீனைக் கொஞ்சம் நில்லுன்னு சொல்லவா? நல்லா கேட்டீங்க." நேற்று அவர் வேறொன்று சொன்னார், விளையாட்டாகத்தான், ஆனால் என்னால் அதை விளையாட்டாக விட முடியவில்லை. பண்ணைத் தொட்டியில் ஆயிரம் கிடக்கிறது, ஒன்றை வாளியில் கொண்டுவந்து விட்டு, எடுத்து, கையில் பிடித்து ஃபோட்டோ எடுத்தால் முடிந்தது, அதுவும் ட்ரவுட் இதுவும் ட்ரவுட், யார் வந்து பார்க்கப் போகிறார்கள். நான் உடனே சொன்னேன், தொட்டி மீனுக்கு சிமெண்டில் உரசி உரசித் துடுப்பு தேய்ந்திருக்கும் அண்ணா, சார் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது, நான் சொன்னது அது தப்பு என்று இல்லை. மாட்டிக்கொள்வோம் என்றுதான். என்னை எல்லோரும் நேர்மையான பெண் என்கிறார்கள். ஹாஸ்டலில் மெஸ் சாவி என்னிடம்தான் இருந்தது. அந்த நேர்மையை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்? பயம் மட்டும் இருந்தால்? பயத்துக்கு நல்ல சட்டை போட்டு இத்தனை வருடம் வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேனா? பயப்படாத ஒரு நாளில் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

முதலாமாண்டு ஆய்வகத்தில் ஒன்று நடந்தது. தண்ணீரின் உப்புத்தன்மையைச் சொட்டுச் சொட்டாகக் கணக்கிட வேண்டும். எனக்கு மூன்று முறையும் ஒரே அளவு வந்தது, புள்ளிக்குப் பிறகு இரண்டாவது எண்வரை. நோட்டைப் பார்த்த ஆசிரியர், "யாரைப் பாத்து எழுதின?" என்று கேட்டார். நான் எழுதியதுதான் சார். "அப்படியா? இங்கிலீஷ்ல ஒரு வரி சேர்ந்தாப்ல பேச வரல, இது மட்டும் டாண்ணு வருதோ?" வகுப்பு சிரித்தது. ரொம்பச் சிரிக்கவில்லை, கொஞ்சம்தான். உப்புத் தண்ணீரை நாக்கில் வைத்தே சொல்கிறவர்களுக்குப் பிறந்தவள் என்று சொல்லியிருக்கலாம், அப்போது தோன்றவில்லை. அதற்குப் பிறகு மூன்று முறை ஒரே எண் வந்தால் ஒன்றைக் கொஞ்சம் மாற்றி எழுதினேன். நம்புகிற மாதிரி இருக்க வேண்டுமே. அதையும் நேர்மை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நூல் எங்கே? இதோ. பாறை நிழலைத் தாண்டிவிட்டது, நான் பார்க்கவே இல்லை. இரண்டு வீச்சு பார்க்காமலே போய்விட்டது. பதினொன்று முப்பத்தைந்து. பார், இசக்கி. நூலை மட்டும் பார். வீசு. நுரையையும் நூலையும் சேர்த்துப் பார், நுரைதான் கடிகாரம், நூல் பின்தங்கினால் சுண்டு. ஆனால் எவ்வளவு பின்தங்கினால்? அதை சார் எழுதவில்லை. அவருக்கு அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

கடைசி வருடம் கல்லூரித் தாழ்வாரத்தில் எங்கள் பேராசிரியை வளர்மதி மேடம் என்னைத் தாண்டிப் போனவர் நின்று, "என்னம்மா, மேல படிக்கிற ஐடியா ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். கையில் காபி டம்ளர், பாதி திரும்பியபடி. "வீட்ல கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றேன். "ம், கேளு" என்று போய்விட்டார். இரண்டு வாக்கியம், அவ்வளவுதான். அது நலம் விசாரிப்பது என்று நினைத்தேன், சாப்பிட்டியா என்பது போல. வீட்டில் கேட்க என்ன இருக்கிறது, அம்மாவுக்கு மேற்படிப்பு என்றால் எது என்றே தெரியாது. அடுத்த வாரம் மேடத்திடம் ஆராய்ச்சிக்கு ஓர் இடம் இருந்தது, அதில் என் வகுப்பு ஷியாமளா சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. ஷியாமளாவிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டாராம். "நான் அங்கயே, எனக்கு ரொம்ப ஆசை மேடம்னு சொல்லிட்டேன்பா" என்றாள், ஒரு கள்ளமும் இல்லாமல். அவள் அப்பா காலேஜில் வேலை பார்க்கிறவர். அது கேள்வி இல்லை, இடம் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், சாப்பாட்டு மேசையில் அந்த மாதிரிப் பேச்சுகளைக் கேட்டே வளர்ந்திருப்பாள். பெரியவர்கள் தருவதைத் தருகிறேன் என்று சொல்லித் தருவதில்லை. பாதி திரும்பிக்கொண்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, ஒரு நொடி நிற்கிறார்கள். எங்கள் வீட்டில் தருகிறவர்கள் கூப்பிட்டுத் தருவார்கள், வாங்கிக்கோ என்று இரண்டு தடவை சொல்வார்கள். நான் இரண்டாவது தடவைக்காக நின்றேன். இப்போதும் நிற்கிறேன்.

பதினொன்று ஐம்பது. மேகம் இறங்கி எதிர்க்கரைக் காட்டுப்பூவரசு மரங்களை அழித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, திருப்பிக் கொடுத்தது. ஒரு நீளமான வெயில் கீற்று மடுவின் மேல் விழுந்தது. நூல் வருகிறது. நுரை வருகிறது. நூல் நிற்கவில்லை, முங்கவில்லை. கொஞ்சம் சாய்ந்தது. யாரோ கீழேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தலை திரும்புவது போல ஒரு சாய்வு. என்ன என்று நான் கேட்கவில்லை, கேட்பதற்குள் மணிக்கட்டு எழுந்துவிட்டது. என் மணிக்கட்டு. என்னைக் கேட்காமல். கோல் வளைந்து நின்றது, அதன் நுனியில் ஒரு கனம் இருந்தது, அந்தக் கனம் தலையை ஆட்டியது. ஒரு தடவை, இரண்டு தடவை. கோல் வழியாக, உள்ளங்கை வழியாக, தோள் வரைக்கும் அது வந்தது, உயிருள்ள ஒன்று வேண்டாம் வேண்டாம் என்று சொல்வது. பாறை மேல் போஜன் எழுந்துவிட்டார், ஃபிளாஸ்க் உருண்டது, "இருக்கு இருக்கு, விடாதீங்க, இழுங்க" என்று கத்துகிறார். அப்போது கனம் அசையாமல் நின்றது. அப்படியே நின்றது, கல் போல. கல்லோ? ஐந்து நாளில் பதினேழு தடவை கல்லில் மாட்டியிருக்கிறது, அதை மட்டும் எண்ணியிருக்கிறேன். கல்லில் மாட்டினால் இழுக்கக் கூடாது, அறுந்துவிடும், கோலைத் தாழ்த்திக் கயிற்றைத் தொய்வாக விட்டால் தண்ணீரே கொக்கியைப் பின்னால் தள்ளி எடுத்துவிடும். கல் என்றால் கழன்றுவிடும், மீன் என்றால் அசையும், உறுதியாகத் தெரிந்துவிடும். ஒரே ஒரு நொடி தெரிந்துகொண்டால் போதும். கோலைத் தாழ்த்தினேன். இடது கை கயிற்றை விட்டது. தொய்ந்த கயிறு தண்ணீரில் வட்டமாக விழுந்ததைப் பார்த்தேன். பிறகு எடுத்துப் பார்த்தபோது கனம் இல்லை. கொக்கி அப்படியே இருந்தது, முயல் முடி நனைந்து ஒட்டிக்கொண்டு, முனை வளையாமல், அதில் ஒரு செதில்கூட இல்லை.

போஜன் பாறையிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஏன் விட்டீங்க?" என்று மட்டும் கேட்டார், மெதுவாக, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல. மீதிப் பத்து நிமிடமும் வீசினேன். வீசும்போதே தெரிந்தது, மிரண்ட மீன் இன்றைக்கு வாய் திறக்காது. பன்னிரண்டு அடித்ததும் கரையேறி, பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பாறையில் விரித்தேன். கையில் கிடைத்த மீன்களின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம். வேறு கட்டம் இல்லை. சுழி போட்டேன். கீழே என் கையெழுத்தைப் போட்டு, பேனாவை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"என்ன சைபர் போட்டிருக்கீங்க?"

"கைல கிடைச்சதுன்னுதான் அண்ணா கேட்டிருக்கு. கிடைக்கல."

"ஓடைல மீன் இருக்கா இல்லையான்னுதான மேடம் இத்தனை நாளு? நான் பாத்தேன். வயிறு திரும்புச்சு, வெள்ளையா, வெயில்ல பளிச்சுனு. ஒண்ணுன்னு போடுங்க. நான் சாட்சி."

"ஃபோட்டோ கேப்பாங்க. நீளம் கேப்பாங்க."

"இல்லைன்னு சொல்லுங்க. தப்பிச்சிருச்சுன்னு சொல்லுங்க. மீன் தப்பிக்காதா உலகத்துல?"

சார் என்ன கேட்பார் என்பது எனக்கு இப்போதே கேட்கிறது. கடைசி நாள், கடைசிப் பத்து நிமிஷம், அப்பத்தான் கடிச்சுதா? யார் பார்த்தது, போஜனா? கோபமாகக் கேட்க மாட்டார், சிரித்துக்கொண்டுதான் கேட்பார். வேலை போகும் என்று தெரிந்தவள் ஒரு மீனைக் கற்பனை பண்ணியிருக்கிறாள், பாவம். அந்தப் பாவம் என்கிற சொல் ஆபீஸில் மேசை மேசையாகப் போகும். வேலை போவதை நான் தாங்கிக்கொள்வேன். எனக்கு அது ஏற்கெனவே தெரிந்த பாதை.

"நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் இது செல்லும் அண்ணா."

"போட மாட்டேன். கண்ணால பாத்துட்டு சைபர்னு எப்படிப் போடுவேன்? பொய்யில்ல அது?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "இசக்கி, ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. உன் கைல தெரிஞ்சுதா இல்லையா? அத மட்டும் சொல்லு. தெரிஞ்சுதுன்னா நான் சார்கிட்டயே பேசறேன்."

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உள்ளங்கை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. மூடிக்கொண்டேன்.

"தெரியல அண்ணா. கல்லுதான். கல்லுல மாட்டி விடுபட்டுச்சு."

"அப்ப நான் பாத்தது?"

"சீகை இலை திரும்பியிருக்கும். வெயில் பட்டா அதுவும் வெள்ளையாத்தான் தெரியும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். முதல் முறையாக ஒரு வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்லியிருந்தேன். அவர் மடுவைத் திரும்பிப் பார்த்தார். அங்கே வெயில் போயிருந்தது, வெறும் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. "ஆறு வருஷமா இந்தத் தண்ணியத்தான் பாக்கறேன்" என்றார், யாரிடமோ. இரண்டு கண்ணையும் புறங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, என் சுழிக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரை எழுதினார்.